எட்வர்ட் என்ற பெயர்: பொருளும் பிறப்பும் பரவலும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆங்கிலப் பெயர்கள் என்றதும் நம் நினைவுக்கு வரும் ஜான், மேரி, தாமஸ், டேவிட், பீட்டர் ஆகியவற்றுள் ஒன்றுகூட ஆங்கிலத்தில் பிறந்ததன்று. ஜானும் மேரியும் டேவிட்டும் எபிரேயத்திலிருந்து வந்தவை, தாமஸ் அரமேயம், பீட்டர் கிரேக்கம். வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி ஆகியவை நார்மன் படையோடு பிரான்சிலிருந்து கடல் கடந்தவை. இங்கிலாந்திலேயே முளைத்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழக்கு அறாமல் வந்திருக்கும் ஆண்பெயர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் தலையாயது எட்வர்ட். அந்தப் பெயரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன்.

எட்வர்ட் என்பதன் பொருள் என்ன?

பழைய ஆங்கிலத்தில் இந்தப் பெயரின் வடிவம் ஏறத்தாழ ‘ஏயட்வெயர்ட்’ என்று ஒலித்தது. அது இரண்டு சொற்களின் சேர்க்கை. முதற்பாதியான ‘ஏயட்’ என்பதற்குச் செல்வம், வளம், நற்பேறு என்று பொருள். பின்பாதியான ‘வெயர்ட்’ என்பதற்குக் காவலன் என்று பொருள். இரண்டையும் சேர்த்து ‘செல்வத்தின் காவலன்’ என்று பெயர் அகராதிகள் பொருள் தருகின்றன.

முதற்பாதிக்குச் ‘செல்வம்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இருக்கிறது. பொருள்வளத்தையும் அதைத் தரும் நற்பேற்றையும் தெய்வ அருளையும் ஒருசேரக் குறிக்க நாம் ‘திரு’ என்கிறோம் அல்லவா? பழைய ஆங்கில ‘ஏயட்’ ஏறக்குறைய அதே பரப்பைத் தழுவிய சொல். எனவே எட்வர்டைத் தமிழாக்கியே தீர வேண்டும் என்றால், நான் ‘திருக்காவலன்’ என்பதைத் தேர்வேன்.

இரண்டு பாதிகளின் கதையும் வெவ்வேறானது. ‘ஏயட்’ தனிச்சொல்லாக ஆங்கிலத்திலிருந்து மறைந்துவிட்டது. இன்று எட்வர்ட், எட்மண்ட், எடித் போன்ற பெயர்களுக்குள் மட்டுமே ஒடுங்கிக் கிடக்கிறது. பின்பாதியோ நன்றாகவே வாழ்கிறது. மருத்துவமனையில் நாம் சொல்லும் ‘வார்டு’ அதன் வழித்தோன்றலே. அதே செருமானிய வேர் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்து ‘கார்டு’ ஆனது. ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்கும் கார்டும் எட்வர்டின் பின்பாதியும் பங்காளிகள். பிரபுவைக் குறிக்கும் ‘லார்ட்’ என்ற சொல்லிலும் இதே காவலன் ஒளிந்திருக்கிறான்: அதன் பழைய வடிவத்துக்கு ‘ரொட்டியின் காவலன்’ என்று பொருள். வீட்டில் உள்ள அனைவருக்கும் உணவளிக்கும் பொறுப்புடையவன் என்ற கருத்தில் எழுந்த சொல் அது.

அப்படியானால், இந்தப் பெயரை வைத்தவர்கள் ‘செல்வத்தைக் காப்பவன்’ என்று கருதித்தான் வைத்தார்களா?

எல்லா நேரமும் அப்படிச் சொல்ல முடியாது. பெயர்ப் பொருள் தேடுவோர் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். பழைய ஆங்கிலேயர் சிறப்பான பொருளுடைய சொற்கள் சிலவற்றைப் பெயர்களுக்கென்றே வைத்திருந்தனர். அவற்றிலிருந்து இரண்டை எடுத்துக் கோத்துப் பெயராக்கினர். பெற்றோரின் பெயரிலிருந்து ஒரு பாதியையோ பாட்டனின் பெயரிலிருந்து ஒரு பாதியையோ எடுத்துப் பிள்ளைக்குச் சூட்டுவதும் அவர்கள் வழக்கம். அப்படிக் கோக்கும்போது இரண்டு பாதிகளும் சேர்ந்து ஒரு வாக்கியமாகப் பொருள் தர வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. பெயர் இன்ன குலத்துப் பிள்ளை என்று காட்டினால் போதும்.

பழைய ஆங்கில அரசுகளுள் ஒன்றான வெஸ்ஸெக்ஸின் அரச குடும்பத்தைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். மாமன்னர் ஆல்ஃபிரடின் மகன் எட்வர்ட். அந்த எட்வர்டின் மக்களில் எட்மண்டும் எட்ரெடும் அரசாண்டனர். எட்மண்டின் மக்கள் எட்விக், எட்கர். எட்கரின் மகன் மறுபடியும் ஓர் எட்வர்ட். ஒரே முன்பாதி தலைமுறை தலைமுறையாகச் சுழன்று வருகிறது. ராஜராஜன், ராஜேந்திரன், ராஜாதிராஜன், வீரராஜேந்திரன், அதிராஜேந்திரன் என்ற சோழர் வரிசையைப் படித்தவர்களுக்கு இந்தப் போக்கு புதிதாக இராது. அந்த வரிசையில் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே பதவுரை எழுதுவதைவிட, ‘ராஜ’ என்ற சொல்லைக் குடும்பம் விடாமல் பற்றியிருந்தது என்பதே நமக்கு அதிகம் சொல்கிறது. எட்வர்டும் அப்படித்தான்.

இது விவிலியப் பெயரா?

இல்லை. பழைய ஏற்பாட்டிலும் புதிய ஏற்பாட்டிலும் எட்வர்ட் என்று எவரும் இல்லை. ஆங்கிலேயர் கிறிஸ்தவத்தைத் தழுவுவதற்கு முன்பே வழங்கிய சொற்களால் ஆன பெயர் இது. ஆனால் இந்தப் பெயரோடு வாழ்ந்த அரசர்கள் இருவர் புனிதர்களாகப் போற்றப்பட்டதால் திருமுழுக்குப் பெயராக இதை வைப்பதற்குத் தடை இருக்கவில்லை. ஒருவர் 978ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று கோர்ஃப் என்ற இடத்தில் இளவயதிலேயே கொல்லப்பட்ட ‘மறைசாட்சி’ எட்வர்ட். மற்றவர் 1042 முதல் 1066 வரை ஆண்ட ‘நம்பிக்கை அறிக்கையாளர்’ எட்வர்ட். இவருடைய திருநாள் அக்டோபர் 13.

தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். அருளானந்தர், வீரமாமுனிவர் போன்றோர் காலத்து மரபில் வந்த பெயர்கள் தமிழ் உருவம் எடுத்துக்கொண்டன: யோவான் அருளப்பன் ஆனார், பேதுரு இராயப்பர் ஆனார், பவுல் சின்னப்பன் ஆனார், யோசேப்பு சூசை ஆனார். எட்வர்டுக்கு அப்படி ஓர் உருவம் வாய்க்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியோடு பிந்தி வந்த பெயர் என்பதால் வந்த கோலத்திலேயே தங்கிவிட்டது.

1066க்குப் பின் பழைய ஆங்கிலப் பெயர்கள் அழிந்தபோது எட்வர்ட் மட்டும் எப்படிப் பிழைத்தது?

இந்தப் பெயரின் வரலாற்றில் நான் மிகவும் சுவையான பகுதியாகக் கருதுவது இதுவே. 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றார். நிலமும் பதவியும் திருச்சபையின் உயர்பீடங்களும் பிரெஞ்சு பேசுவோர் கைக்குப் போயின. ஆளுவோர் பெயரை ஆளப்படுவோர் தம் பிள்ளைகளுக்கு வைப்பது எங்கும் நடப்பதுதான். ஆனால் இங்கிலாந்தில் அது நடந்த வேகம் வியப்பூட்டுவது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் லியோஃப்ரிக், வுல்ஃப்ஸ்டன், எதல்ஸ்டன், காட்ரிக் போன்ற பெயர்கள் தேய்ந்து, வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்று எங்கும் ஒலிக்கத் தொடங்கிவிட்டது.

அந்தக் காலத்துச் சிறுவர்களுக்கு இது எவ்வளவு உறுத்தியது என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. விட்பி என்ற ஊரில் பிறந்த ஒரு பையனுக்குப் பெற்றோர் டாஸ்டிக் என்று பெயரிட்டிருந்தனர். கூட விளையாடும் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்ததால் அவன் வில்லியம் என்று பெயரை மாற்றிக்கொண்டான். பின்னாளில் துறவு பூண்டு, பார்த்தலோமியு என்ற பெயரில் ஃபார்ன் தீவில் தவவாழ்வு வாழ்ந்தவர் அவர்தான். அரண்மனையிலும் நிலைமை வேறாக இல்லை. 1100இல் முதலாம் ஹென்றி பழைய ஆங்கில அரச மரபில் வந்த எடித் என்ற பெண்ணை மணந்தபோது, அரசி தன் பெயரை மெட்டில்டா என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியும் நார்மன் பிரபுக்கள் விடவில்லை. அரசனையும் அரசியையும் ‘காட்ரிக்கும் காடிவாவும்’ என்று நாட்டுப்புறத்து ஆங்கிலப் பெயர்களால் கேலி பேசினர்.

இந்தச் சூழலில் எட்வர்ட் என்ற பெயரும் மங்கியிருக்க வேண்டியதே. அதைக் காத்தது ஒரே ஓர் அரசரின் பக்தி. வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயக் கோயிலைக் கட்டி, 1065 டிசம்பர் இறுதியில் அது நேர்ந்தளிக்கப்பட்ட சில நாட்களிலேயே, 1066 ஜனவரி 5 அன்று பிள்ளையின்றி இறந்தவர் எட்வர்ட் அரசர். அவர் இறப்பால் எழுந்த வாரிசுப் போட்டியே நார்மன் படையெடுப்புக்கு வழி திறந்தது. 1161இல் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் அவரைப் புனிதராக அறிவித்தார். அடுத்த நூற்றாண்டில் அரியணை ஏறிய மூன்றாம் ஹென்றி அந்தப் புனிதர்மீது அளவுகடந்த பற்று வைத்தார். 1245 முதல் வெஸ்ட்மின்ஸ்டர் கோயிலையே இடித்துப் புதிதாக எழுப்பினார். 1269 அக்டோபர் 13 அன்று புனிதரின் உடலைப் புதிய பீடத்துக்கு மாற்றிய விழா அவருடைய வாழ்வின் பெருநாள்.

அந்த ஹென்றி 1239இல் தமக்குப் பிறந்த மூத்த மகனுக்கு எட்வர்ட் என்று பெயர் வைத்தார். அரசவைப் பிரபுக்களிடையே அரிதாகியிருந்த, பழைய குடிகளின் பெயர் அது. பிரெஞ்சு பேசும் அரசர் தம் பட்டத்து இளவரசனுக்கு அதைச் சூட்டியது அன்று விந்தையாகவே ஒலித்திருக்க வேண்டும். அடுத்த மகனுக்கும் மற்றோர் ஆங்கிலப் புனித அரசரின் பெயரான எட்மண்டையே வைத்தார். எட்வர்ட், எட்மண்ட் என்ற இரண்டும் இன்றுவரை வழக்கில் இருப்பதற்கு இந்த ஒரு தந்தையின் பிடிவாதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1272இல் மூத்தவர் முதலாம் எட்வர்டாக அரசரானார். அவருக்குப் பின் மகனும் பேரனும் அதே பெயரோடு ஆண்டனர். 1272 முதல் 1377 வரை 105 ஆண்டுகள் இங்கிலாந்தில் எட்வர்ட் தவிர வேறு பெயருடைய அரசர் இல்லை. அதற்குப் பிறகு இந்தப் பெயரைக் கேட்டு எந்தப் பையன் சிரிப்பான்?

நார்மன்களுக்கு முன்பே மூன்று எட்வர்டுகள் ஆண்டிருக்கும்போது, 1272இல் வந்தவர் எப்படி ‘முதலாம்’ எட்வர்ட் ஆனார்?

அரசர்களை எண்ணிட்டு வரிசைப்படுத்தும் வழக்கம் பின்னாளில் நிலைத்தபோது, கணக்கை நார்மன் வெற்றிக்குப் பின்னிருந்து தொடங்கிவிட்டார்கள். அதனால் ஆல்ஃபிரடின் மகன் எட்வர்டும், கோர்ஃபில் கொல்லப்பட்டவரும், வெஸ்ட்மின்ஸ்டரைக் கட்டியவரும் எண்ணிக்கையில் சேரவில்லை; ‘மூத்த’, ‘மறைசாட்சி’, ‘நம்பிக்கை அறிக்கையாளர்’ என்ற அடைமொழிகளாலேயே அறியப்படுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் 1901இல் அரியணை ஏறியவர் பத்தாம் எட்வர்டாக இருந்திருக்க வேண்டும்.

எட்வர்ட் என்ற பெயரில் ஆண்ட அரசர்கள் எல்லாரும் வீட்டிலும் அப்படியே அழைக்கப்பட்டார்களா?

அண்மைக் காலத்து இருவர் அப்படி அழைக்கப்படவில்லை. விக்டோரியாவின் மகனுக்குத் திருமுழுக்கில் வைத்த பெயர் ஆல்பர்ட் எட்வர்ட். வீட்டில் அவர் ‘பெர்ட்டி’. தாய் இறந்து 1901இல் அரியணை ஏறியபோது, ஆல்பர்ட் என்ற பெயர் தம் தந்தைக்கே உரியதாக நிலைக்கட்டும் என்று கூறி, எட்வர்ட் என்பதை மட்டும் ஆட்சிப் பெயராக எடுத்துக்கொண்டார். அவருடைய பேரனுக்கு எட்வர்ட் ஆல்பர்ட் கிறிஸ்டியன் ஜார்ஜ் ஆண்ட்ரூ பேட்ரிக் டேவிட் என்று ஏழு பெயர்கள். குடும்பத்தார் அழைத்தது கடைசிப் பெயரான டேவிட் என்று. 1936இல் எட்டாம் எட்வர்டாகி, முடிசூட்டு விழா நடப்பதற்குள்ளாகவே அதே ஆண்டு டிசம்பரில் பதவி துறந்தவர் இவர்.

ஏழாம் எட்வர்டைப் பழைய நாணயம் சேர்ப்போர் நன்கு அறிவர். 1903 முதல் 1910 வரை அச்சான இந்திய வெள்ளி ரூபாயில் அவர் தலையில் கிரீடம் கிடையாது. வழுக்கையும் தாடியுமாக வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். கிரீடத்தை மறுபக்கத்தில் தாமரைக் கொடிகளுக்கு மேலே தனியாக வைத்துவிட்டார்கள். 1862 முதல் வந்த விக்டோரியாவின் ரூபாயிலும் ஐந்தாம் ஜார்ஜின் ரூபாயிலும் முடியணிந்த தலை இருப்பதால், குவியலில் எட்வர்ட் ரூபாயைப் பொறுக்கி எடுக்க எழுத்தைப் படிக்கவே வேண்டாம். எட்டாம் எட்வர்டின் உருவத்தோடு இந்தியாவுக்கு நாணயம் வெளிவரவில்லை.

நெட், டெட், எட்டி ஆகியவை எப்படி வந்தன?

‘எட்’ என்பதும் ‘எட்டி’ என்பதும் பெயரின் முன்பாதியைச் செல்லமாகச் சுருக்கியவை. ‘நெட்’ என்பது தமிழ்ப் புணர்ச்சி படித்தவர்களை மகிழ்விக்கும் பிறவி. இடைக்கால ஆங்கிலத்தில் ‘என் எட்’ என்பதை ‘மைன் எட்’ என்பர். அதை விரைந்து சொல்லும்போது முதற்சொல்லின் கடைசி ‘ன்’ ஒலி அடுத்த உயிரோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் ‘மைன்’ என்பது ‘மை’ என்று குறுகியபோது, ஒட்டிக்கொண்ட அந்த ஒலி திரும்பிப் போகாமல் ‘மை நெட்’ என்று பெயரோடே தங்கிவிட்டது. ஆன் என்பவள் ‘நான்’ ஆனதும் எலன் ‘நெல்’ ஆனதும் இதே முறையில்தான்.

‘டெட்’, ‘டெடி’ ஆகிய இரண்டையும் எட்வர்டும் தியடோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவரை டெட் என்று அழைப்பதைக் கேட்டு அவருடைய முழுப்பெயரை ஊகிக்க முடியாது. 1950களில் பிரிட்டனில் ‘டெடி பாய்ஸ்’ என்று பெயர் பெற்ற இளைஞர்கள் எட்வர்டின் பக்கம்: ஏழாம் எட்வர்ட் காலத்து நீண்ட கோட்டைப் போன்ற உடையை அணிந்ததால் வந்த பெயர் அது.

டெடி கரடி பொம்மை?

அது எட்வர்டின் கணக்கில் வராது. 1902இல் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போன அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட், கட்டி வைத்திருந்த கரடியைச் சுட மறுத்தார். அதைக் கிளிஃபோர்ட் பெரிமன் கேலிச்சித்திரமாக வரைந்தார். அதன் விளைவாகக் கரடி பொம்மைக்கு அவருடைய செல்லப்பெயர் வந்தது.

எட்வின், எட்மண்ட், எட்கர், எடித் ஆகியவையும் இதே பெயரின் வடிவங்களா?

ஒரே வடிவம் அல்ல, ஒரே குடும்பம். எல்லாவற்றிலும் முன்பாதி அதே ‘ஏயட்’. பின்பாதிதான் மாறும்: எட்வினில் நண்பன், எட்மண்டில் காப்பு, எட்கரில் ஈட்டி, எடித்தில் போர். எட்வர்டும் எட்மண்டும் இடையறாது வழங்கின. எட்வினும் எட்கரும் இடையில் வெகுகாலம் அரிதாகி, பழமையின்மேல் மோகம் கொண்ட 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் தலையெடுத்தன. எனவே எட்வின் என்பவரை எட்வர்ட் என்று எழுதுவது, திருமாறனைத் திருமாவளவன் என்று எழுதுவதற்குச் சமம்.

பெண்களுக்கு இந்தப் பெயர் உண்டா?

ஆங்கிலத்தில் நேர்ப் பெண்பாலாகப் பரவிய வடிவம் இல்லை. எட்வினா என்பதை நெருங்கிய உறவாகச் சொல்லலாம். இந்தியாவின் கடைசி வைஸ்ராயின் மனைவி எட்வினா மவுண்ட்பேட்டனுக்கு ஏழாம் எட்வர்டே ஞானத்தந்தை. பெயரும் அவர் நினைவாக வந்ததே.

பிற நாடுகளில் இது எப்படி வழங்குகிறது?

பழைய ஆங்கிலப் பெயர்களுள் ஐரோப்பா முழுவதும் பரவியது என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு. இது அவற்றுள் ஒன்று. பிரெஞ்சில் எதுவார், ஜெர்மனில் எடுவார்ட், இத்தாலியில் எடோவார்டோ, ஸ்பானியத்தில் எதுவார்தோ. போர்த்துக்கீசியத்தில் எதுவார்தோ தவிர ‘துவார்த்தே’ என்று மற்றொரு வடிவமும் இருக்கிறது. அதற்கு ஒரு குடும்பக் கதை உண்டு. இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டின் பேத்தி பிலிப்பா போர்த்துக்கல் அரசரை மணந்தார். அவர் தம் மகனுக்குப் பாட்டனின் பெயரை வைத்தார். அந்த மகனே 1433 முதல் 1438 வரை ஆண்ட துவார்த்தே மன்னர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணூரில் எழுத்தராக இருந்து, மலபார்க் கரையையும் பழவேற்காட்டையும் மயிலாப்பூரையும் பற்றி எழுதிவைத்த துவார்த்தே பர்போசாவின் பெயரும் அடிப்படையில் எட்வர்டே. ஆங்கிலேயன் சென்னையில் கால் வைப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே ஓர் எட்வர்ட் மயிலாப்பூரைப் பற்றி எழுதிவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வேல்சில் ‘யோர்வெர்த்’ என்ற பெயரை எட்வர்டுக்கு ஈடாக வைப்பர். ஒலி சற்று ஒத்திருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. அயர்லாந்தில் ஏமன் என்பது முறைப்படி எட்மண்டின் ஐரிஷ் வடிவம் என்றாலும் எட்வர்டுக்கும் அதுவே பயன்பட்டது. எட்வர்ட் என்று திருமுழுக்குப் பெற்ற டி வலேரா, ஏமன் டி வலேரா என்றே உலகறிந்தவரானார்.

பேரரசின் நிழல் விழுந்த இடங்களில் இந்தப் பெயர் கொஞ்சம் சங்கடத்தோடும் வாழ்ந்திருக்கிறது. 1935இல் ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீதுக்கு, அன்றைய வேல்ஸ் இளவரசரை நினைத்து அவருடைய தாய் வைத்த பெயர் அது. அரபுக் குடும்பப் பெயருக்கு முன்னால் ஓர் ஆங்கிலப் பெயரைச் சுமந்து திரிந்த உறுத்தலை அவர் தம் நினைவுக் குறிப்புகளில் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

இன்று இந்தப் பெயர் எவ்வளவு பரவலாக இருக்கிறது?

இடைக்கால இங்கிலாந்தில் மூன்று எட்வர்டுகள் அடுத்தடுத்து ஆண்டபோதும், மக்களிடையே முதலிடத்தில் இருந்தவை ஜான், வில்லியம், தாமஸ், ராபர்ட், ரிச்சர்ட் ஆகிய ஐந்தே. எட்வர்ட் எப்போதும் அவற்றுக்கு அடுத்த வரிசையில், ஆனால் அசையாமல், இருந்து வந்தது. அமெரிக்காவில் 1880 முதல் கிடைக்கும் அரசுப் பதிவுகளின்படி, 20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் இது முதல் பத்துப் பெயர்களை ஒட்டியே நின்றது. பிறகு படிப்படியாக இறங்கி இன்று முதல் நூறுக்கு வெளியே போய்விட்டது. இங்கிலாந்தில் அந்த அளவுக்கு வீழ்ச்சி இல்லை. அரச குடும்பத்தின் பெயர் என்ற மதிப்பும், பழமை மணமும் அதைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. அங்கே இப்போது காணப்படும் மாற்றம் வேறு: டெடி என்ற செல்லப்பெயரையே பிறப்புப் பதிவில் முழுப்பெயராக எழுதும் பெற்றோர் பெருகி, அது முதல் நூறு பெயர்களுக்குள் ஏறியிருக்கிறது.

ஒரு பெயரின் செல்வாக்கைப் பிறப்புப் பதிவேட்டால் மட்டும் அளப்பது போதாது என்பது என் கருத்து. 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸின் தலையில் வைக்கப்பட்ட, இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள பொன்முடியின் பெயர் ‘புனித எட்வர்ட் கிரீடம்’. 1661இல் புதிதாகச் செய்யப்பட்டதுதான். ஆயினும் பெயர் மட்டும் 1066இல் இறந்தவருடையது.

தமிழ்நாட்டோடு இந்தப் பெயருக்கு என்ன தொடர்பு?

புனித ஜார்ஜ் கோட்டையின் தொடக்க நாட்களிலேயே ஓர் எட்வர்ட் கலகம் செய்திருக்கிறார். கம்பெனியின் முகவராக இருந்த எட்வர்ட் வின்டர், தமக்குப் பதிலாக அனுப்பப்பட்ட ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்டை 1665இல் கோட்டைக்குள்ளேயே சிறைவைத்து, 1668 வரை அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்து வந்த எட்வர்டைத் தென்னாடு எளிதில் மறக்காது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநர். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட 1799இலும், மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட 1801இலும் ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் அவரே. பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்த 1801 டிசம்பர் அறிக்கையும் அவர் பெயரிலேயே வந்தது. பெசன்ட் நகரில் மாலைக் காற்று வாங்கப் போகிறவர்கள் சொல்லும் எலியட்ஸ் பீச், சென்னையில் மாஜிஸ்திரேட்டாக இருந்த எட்வர்ட் எலியட்டின் பெயரால் அமைந்தது.

நம்மவர் வைத்துக்கொள்ளும் பெயராக இது வேர்விட்டது திருநெல்வேலிச் சீமை போன்ற சீர்திருத்தத் திருச்சபைப் பகுதிகளில். அப்பகுதிக்காக 1877இல் கால்டுவெல்லோடு துணைப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் எட்வர்ட் சார்ஜென்ட். அதற்கு முன்பே, 1875 டிசம்பரில், பின்னாளில் ஏழாம் எட்வர்டான இளவரசர் இலங்கையிலிருந்து தூத்துக்குடியில் இறங்கி ரயிலில் சென்றபோது, மணியாச்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் அவரை வரவேற்றனர். முன்னின்றவர்கள் கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும். அப்பகுதி வீடுகளில் மிஷனரிமாரின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது நன்றிக்கடனாகக் கருதப்பட்டது. அரசரின் பெயரும் அதுவாகவே இருந்தது இரட்டை வசதி. மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள விக்டோரியா எட்வர்ட் மன்றத்தில் தாயின் பெயரும் மகனின் பெயரும் சேர்ந்து நிற்கின்றன. அங்கே நூலகத்துக்குப் போனவர்களைவிட, அதே கட்டடத்தின் ரீகல் திரையரங்கில் ஆங்கிலப் படம் பார்த்தவர்களுக்கே அந்த மன்றம் அதிகம் நினைவிருக்கும்.

தமிழில் எட்வர்ட் என்று எழுதுவதா, எட்வர்டு என்று எழுதுவதா?

இரண்டும் வழக்கில் உள்ளன. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பது இலக்கண மரபு. அதன்படி ஈற்றில் உகரம் சேர்த்து ‘எட்வர்டு’ என்று எழுதுவதே செவ்விது. அப்படி எழுதினால் ‘மார்பு’ போல அது குற்றியலுகரச் சொல்லாக அடங்கி, எட்வர்டை, எட்வர்டுக்கு, எட்வர்டின் என்று வேற்றுமை உருபுகளை இடர்ப்படாமல் ஏற்கும். தனியே நிற்கும்போது ‘எட்வர்ட்’ என்று எழுதுகிறவர்களும் உருபு சேர்க்கும்போது தம்மையறியாமல் இந்த உகரத்துக்குத்தான் வருகிறார்கள். இந்தப் பக்கத்தில் நானும் அதையே செய்திருக்கிறேன். சொல்லின் நடுவில் வரும் ‘ட்வ’ என்ற கூட்டும் தமிழுக்கு இயல்பானதன்று. ட் என்ற மெய்க்குப் பின் வகரம் வருவதை நம் நாக்கு விரும்பாததால்தான் ஊர்ப்புறத்தில் இடையில் ஓர் உகரம் நுழைந்து ‘எடுவர்டு’ என்று ஒலிக்கிறது.

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகிய மூன்றிலும் ஒரே எழுத்தாக இருப்பது முக்கியம். அதைவிடப் பெரிய சிக்கல் அடுத்த தலைமுறைக்குத்தான்.

தந்தை பெயர் எட்வர்ட் என்றால் பிள்ளையின் முன்னெழுத்து ‘எ’யா, ‘இ’யா?

தமிழில் எழுதும்போது ‘எ’ என்பதே சரி. முன்னெழுத்து என்பது தந்தை பெயரின் தமிழ் வடிவத்தில் முதலில் நிற்கும் எழுத்து. ஆங்கிலத்தில் அந்தப் பெயரைத் தொடங்கும் எழுத்தின் பெயர் ‘இ’ என்பதால், பலர் அந்த ஒலியை அப்படியே தமிழில் எழுதி ‘இ. ஜெயக்குமார்’ என்று கையொப்பமிடுகிறார்கள். அது இஸ்ரவேல் மகனுக்கோ இம்மானுவேல் மகனுக்கோ உரிய எழுத்து. பெயரோடு முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு வலியுறுத்தி வருவதால், பள்ளிச் சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பும்போதே ‘எ. ஜெயக்குமார்’ என்று எழுதிவிட்டால், பின்னால் சான்றிதழைத் திருத்த அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிராது. ஏற்கெனவே ‘இ’ என்று பதிவாகியிருந்தால், எல்லா ஆவணங்களிலும் அதே ‘இ’ இருக்கும்வரை அதைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.